சீனக் கல்லூரி மாணவர்களைத் தொழில்முனைவோராக்கும் முயற்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பட்டம் பெற்ற இளைஞர்கள் வேலை தேடுவதோடு நின்றுவிடாமல் சொந்தத் தொழிலும் தொடங்க வேண்டும் என்று சீன அரசு இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வலியுறுத்தி வருகிறது. கடன், வரிச்சலுகை, இலவச இடம், போட்டிகள், பாடத்திட்ட மாற்றம் எனப் பல வழிகளில் இது நடக்கிறது. இந்த முயற்சியைப் பற்றி மாணவர்களும் ஆசிரியர்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது.

மாணவர்கள் தொழில் தொடங்குவதில் அரசுக்கு ஏன் இத்தனை அக்கறை?

முதற்காரணம் வேலைவாய்ப்பு. 1990-களின் நடுப்பகுதி வரை சீனாவில் பட்டதாரிக்கு அரசே பணியிடம் ஒதுக்கியது. எந்த ஊர், எந்த ஆலை, எந்த அலுவலகம் என்பதை மாணவர் தீர்மானிக்கவில்லை, வேலை கிடைக்குமோ என்ற கவலையும் அவருக்கு இருக்கவில்லை. அந்த ஏற்பாடு படிப்படியாகக் கைவிடப்பட்ட அதே காலத்தில் கல்லூரிகளின் வாயிலும் அகலமாகத் திறக்கப்பட்டது. 1998-இல் சுமார் 10.8 இலட்சமாக இருந்த புதிய மாணவர் சேர்க்கை, 1999-இல் ஒரே தாவலில் 16 இலட்சத்தை நெருங்கியது. 2024-இல் பட்டம் பெற்று வெளிவந்தவர்கள் 1 கோடியே 17.9 இலட்சம் பேர். 2025-இல் அந்த எண்ணிக்கை 1 கோடியே 22 இலட்சத்தை எட்டியது.

இத்தனை பேருக்கும் நிறுவனங்களில் இடமில்லை. 2023 ஜூனில் 16 முதல் 24 வயது வரையிலான நகர்ப்புற இளைஞரின் வேலையின்மை விகிதம் 21.3 விழுக்காட்டைத் தொட்டது. அதன்பின் அந்தப் புள்ளிவிவரம் சில மாதங்கள் வெளியிடப்படவே இல்லை. பிறகு, படித்துக்கொண்டிருப்பவர்களைக் கணக்கிலிருந்து நீக்கிய புதிய முறையில் மீண்டும் வரத் தொடங்கியது. தொழில் தொடங்கும் ஒருவர் தமக்கும் வேலை தேடிக்கொள்கிறார், மேலும் சிலருக்கும் வேலை தருகிறார் என்ற கணக்கு அரசு ஆவணங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. புதுமை, தொழில்நுட்பம், நாட்டின் எதிர்காலம் ஆகிய சொற்களும் அவற்றில் தாராளமாக உண்டு. ஆனாலும் இந்த ஊக்குவிப்பின் வேர் பட்டதாரிகளின் பெருக்கத்தில்தான் இருக்கிறது என்பதை மறந்துவிட்டால் அதன் பல கூறுகள் புரியாமல் போகும்.

இது எப்போது தொடங்கியது?

1998-இல் பெய்ஜிங்கின் சிங்ஹுவா பல்கலைக்கழக மாணவர்கள் தொழில்திட்டப் போட்டி ஒன்றை நடத்தினார்கள். அடுத்த ஆண்டே அது ‘சவால் கோப்பை’ என்ற பெயரில் நாடு தழுவிய போட்டியாக வளர்ந்தது. 2002-இல் கல்வி அமைச்சகம் ஒன்பது பல்கலைக்கழகங்களைத் தேர்ந்தெடுத்து, தொழில்முனைவுக் கல்வியைச் சோதனை முறையில் நடத்தச் சொன்னது.

அதன்பின் சில ஆண்டுகள் அதிக ஓசையின்றிக் கழிந்தன. 2014 செப்டம்பரில் தியான்ஜின் நகரில் உலகப் பொருளாதார மன்றம் நடத்திய கோடைகால டாவோஸ் மாநாட்டில் அப்போதைய பிரதமர் லி கசியாங், எல்லா மக்களும் தொழில் தொடங்க வேண்டும், எல்லோரும் புதுமை படைக்க வேண்டும் என்ற பொருளில் பேசினார். 2015 மார்ச்சில் அந்த முழக்கம் அரசின் ஆண்டறிக்கையில் இடம்பெற்றது; மே மாதம், உயர்கல்வியில் தொழில்முனைவுக் கல்வியைச் சீர்திருத்துவதற்கான அரசவை (சீனாவின் மத்திய அமைச்சரவை) அலுவலகத்தின் சுற்றறிக்கை எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் சென்றது. இன்று மாணவர்கள் கண்முன் காணும் அமைப்புகளில் பெரும்பாலானவை அந்தச் சுற்றறிக்கையின் வழிவந்தவை. 2021 அக்டோபரில் வெளியான மற்றொரு சுற்றறிக்கை நிதி, இடவசதி, வரி ஆகியவற்றைத் தெளிவான எண்களோடு வரையறுத்தது.

தொழில் தொடங்குவதற்காகப் படிப்பை இடையில் நிறுத்தி வைக்க முடியுமா?

முடியும். தொழில் தொடங்குவதற்காக விடுப்பு எடுக்கும் மாணவர்களுக்குப் படிப்பை முடிக்க வேண்டிய உச்சகால வரம்பைத் தனியாக வகுத்துக்கொள்ளவும், விடுப்புக்கான நடைமுறையை எளிதாக்கவும், 2017 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த கல்வி அமைச்சகத்தின் மாணவர் நிர்வாக விதிகள் பல்கலைக்கழகங்களுக்கு இடமளிக்கின்றன. தொழிலில் செலவிட்ட உழைப்பைக் கிரெடிட்டாக, அதாவது பட்டத்துக்குச் சேர்க்க வேண்டிய பாட அலகாக, மாற்றிக்கொள்வதற்கும் வழி உண்டு. எத்தனை கிரெடிட், எந்தப் பாடத்துக்கு ஈடாக என்பதைப் பல்கலைக்கழகமே முடிவு செய்யும்.

எனினும் மிகச் சிலரே இதைப் பயன்படுத்துகிறார்கள். சீனாவில் ஒரு மாணவர் பல்கலைக்கழகத்துக்குள் நுழைவதற்குக் ‘காவ்காவ்’ என்ற நுழைவுத்தேர்வுக்காகப் பள்ளிப் பருவத்தையே அடகு வைத்திருப்பார். அப்படிப் பெற்ற இடத்தை விட்டு ஓராண்டு விலகியிருப்பது என்பது விதிப்படி எளிதாக இருந்தாலும் வீட்டில் சொல்வதற்கு எளிதல்ல.

எவ்வளவு பண உதவி கிடைக்கும்?

2021 சுற்றறிக்கையின்படி, தகுதியுள்ள பட்டதாரி ஒருவர் தனிப்பட்ட முறையில் 2 இலட்சம் யுவான் வரையிலும், அவர் நடத்தும் சிறு நிறுவனம் 30 இலட்சம் யுவான் வரையிலும் உத்தரவாதக் கடன் பெற முடிந்தது. வட்டியில் ஒரு பகுதியைக் கருவூலம் ஏற்கும். அரசுப் பணத்தில் கட்டிய இன்குபேட்டர்கள், அதாவது தொழில் வளர்காப்பகங்கள், தம் இடத்தில் 30 விழுக்காட்டைப் பட்டதாரிகளுக்கு இலவசமாகத் தர வேண்டும். பட்டம் பெறும் ஆண்டில் சொந்தமாகக் கடை வைப்பவர்களுக்கு மூன்று ஆண்டுகள் வரிக்கழிவு உண்டு. அதன் ஆண்டு வரம்பு 12,000 யுவானாக இருந்து, 2023-இல் 20,000 யுவானாக உயர்த்தப்பட்டது.

மாகாணங்களும் நகரங்களும் இதற்கு மேல் தத்தம் பங்கைச் சேர்க்கின்றன. அவற்றில் அதிகம் பேசப்பட்டது செஜியாங் மாகாணத்தின் அறிவிப்பு. கல்லூரி மாணவர்கள் தொழில் தொடங்க 1 இலட்சம் முதல் 5 இலட்சம் யுவான் வரை கடன் பெறலாம் என்றும், தொழில் தோல்வியடைந்தால் 1 இலட்சம் வரையிலான கடனை அரசே அடைக்கும் என்றும், அதற்கு மேற்பட்ட தொகையில் 80 விழுக்காட்டை ஏற்கும் என்றும் 2022 பிப்ரவரியில் அம்மாகாண அதிகாரி ஒருவர் செய்தியாளர்களிடம் கூறினார். அன்று மாலைக்குள் சீனச் சமூக ஊடகங்கள் முழுவதும் இதே பேச்சுத்தான். வாங்கிய கடனைத் திருப்பித் தர வேண்டாமா என்று வியந்தவர்களும், வரிப்பணம் வீணாகும் என்று கொதித்தவர்களும் கவனிக்கத் தவறிய ஒன்று உண்டு. கடனுக்கு மனு செய்பவரின் தகுதியும் தொழிலின் தன்மையும் முன்கூட்டியே ஆராயப்படும். கேட்டவருக்கெல்லாம் கிடைக்கும் பணம் அல்ல அது. ஆனாலும், கடன் தொகையை உயர்த்துவதைவிடத் தோல்வியின் விலையைக் குறைப்பதே மாணவருக்கு உண்மையான உதவி என்பதை உணர்ந்து எழுதப்பட்ட திட்டங்களில் இதுவும் ஒன்று.

போட்டிகளுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

2015 அக்டோபரில் சாங்சுன் நகரின் ஜிலின் பல்கலைக்கழகத்தில் ‘இன்டர்நெட் பிளஸ்’ என்ற மாணவர் போட்டியின் முதல் இறுதிச்சுற்று நடந்தது. இப்போது அது சீனப் பன்னாட்டுக் கல்லூரி மாணவர் புத்தாக்கப் போட்டி என்ற பெயரில் தொடர்கிறது. அண்மை ஆண்டுகளில் பங்கேற்போர் எண்ணிக்கை ஆண்டுக்கு ஒரு கோடியைக் கடந்துவிட்டது. 2017-இல் இப்போட்டியை ஒட்டி மாணவர் குழுக்கள் பழைய புரட்சித் தலமான யானான் பகுதிக்குச் சென்று, கிராமத் தொழில்களுக்கு உதவும் திட்டங்களில் ஈடுபட்டன. ஆகஸ்டில் அம்மாணவர்களுக்கு அதிபர் ஷி ஜின்பிங் பதில் கடிதம் எழுதினார். அதன்பின் எந்தப் பல்கலைக்கழகத் தலைவரும் இப்போட்டியை அலட்சியப்படுத்த முடியாத நிலை உருவானது.

இதனால் நன்மை இல்லாமல் இல்லை. ஆய்வகத்தை விட்டு வெளியே வராத மாணவர், தாம் செய்யும் பொருளை யார் வாங்குவார், என்ன விலைக்கு வாங்குவார் என்று முதன்முறையாக யோசிப்பது பெரும்பாலும் இப்படிப்பட்ட ஒரு மேடைக்குத் தயாராகும்போதுதான். முதலீட்டாளர் முன் ஐந்தாறு நிமிடங்களில் கருத்தைச் சொல்லும் பயிற்சியும் இங்கே கிடைக்கிறது.

தீமை, போட்டியில் வெல்லும் பதக்கத்துக்குச் சந்தையில் உள்ள மதிப்பைவிடக் கல்லூரிக்குள் மதிப்பு அதிகமாகிவிட்டதில் இருக்கிறது. தேசிய அளவில் பதக்கம் வென்றவருக்குத் தேர்வு எழுதாமலே முதுகலைச் சேர்க்கை கிடைப்பதில் பல இடங்களில் கூடுதல் மதிப்பெண் உண்டு. கல்லூரிகளின் தரவரிசைக்கும் பதக்கக் கணக்கு உதவுகிறது. ஆகவே பேராசிரியரின் பல ஆண்டு ஆய்வு மாணவர் முகத்தோடு மேடையேறுகிறது. கடந்த ஆண்டின் திட்டம் இந்த ஆண்டு வேறு பெயர்ப்பட்டியலோடு வருகிறது. திட்டவுரையையும் திரைக்காட்சியையும் கூலிக்குச் செய்து தரும் கடைகள் தோன்றியுள்ளன. குழுவில் பத்துப் பன்னிரண்டு பெயர்கள் இருக்கும். நிதிநிலைக் கணக்கைப் பற்றி நடுவர் கேட்டால் பதில் சொல்லக்கூடியவர் ஒருவர்தான் இருப்பார். போட்டி முடிந்து பதக்கம் கைக்கு வந்ததும் நிறுவனமும் முடிந்துபோவது வியப்பில்லை, ஏனென்றால் பதக்கத்துக்காகவே அது பிறந்தது. தொழில்முனைவு என்பது மதிப்பெண்ணுக்கு எதிர்த்திசையில் ஓட வேண்டிய ஒன்று. அதையும் மதிப்பெண்ணாக மாற்றிவிடும் திறமை தேர்வுப் பண்பாட்டுக்கு உண்டு.

உண்மையில் எத்தனை பட்டதாரிகள் தொழில் தொடங்குகிறார்கள்?

ஆண்டுதோறும் பட்டதாரிகளைக் கணக்கெடுக்கும் மைகோஸ் என்ற ஆய்வு நிறுவனத்தின் அறிக்கைகளின்படி, முழக்கம் உச்சத்தில் இருந்த 2015-ஐ ஒட்டிய ஆண்டுகளில்கூட, பட்டம் பெற்ற ஆறு மாதத்தில் சொந்தத் தொழிலில் இருந்தவர்கள் நூற்றுக்குச் சுமார் மூவர். அதிலும் நான்காண்டுப் பட்டப்படிப்பு முடித்தவர்களைவிட மூன்றாண்டுத் தொழிற்கல்விக் கல்லூரிகளில் படித்தவர்களே அதிக விகிதத்தில் தொழில் தொடங்கியிருந்தார்கள்.

இது பலருக்கு வியப்பளிக்கும். யிவூ நகரை அறிந்தவர்களுக்கு வியப்பளிக்காது. செஜியாங் மாகாணத்தில் உள்ள யிவூ, உலகின் மிகப் பெரிய சில்லறைப்பொருள் மொத்தச் சந்தை இருக்கும் ஊர். ஊசி, பொத்தான், பொம்மை, சாவிக்கொத்து முதலியவை கப்பல் கப்பலாக இங்கிருந்து போகின்றன. அங்குள்ள தொழில் வணிகக் கல்லூரி 2000-களின் பிற்பகுதியிலேயே, மாணவர்கள் ‘தாவோபாவோ’ இணையச் சந்தையில் கடை நடத்துவதைப் படிப்பின் பகுதியாக ஏற்றுக்கொண்டது. கடையின் விற்பனைத் தரத்தைக் கொண்டு கிரெடிட் பெற முடிந்தது. காலையில் வகுப்பு, பிற்பகலில் மொத்தச் சந்தைக்குப் போய் ஒரு பொருளில் ஐந்தோ பத்தோ மட்டும் வாங்கி வருதல், வெள்ளைத்தாளை விரித்து அதன்மேல் பொருளை வைத்துப் படமெடுத்தல், மாலையில் விடுதியிலும் வாடகை அறைகளிலும் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து ‘கிர்ர்’ என்ற ஓசையோடு டேப் ஒட்டுதல், கூரியர் வண்டி வருமுன் முகவரிச் சீட்டு ஒட்டி முடித்தல். இதற்குப் பெரிய முதல் தேவைப்படவில்லை. சரக்கு விற்காவிட்டால் இழப்பு சில நூறு யுவான்தான். அடுத்த வாரம் வேறு பொருளை முயன்று பார்க்கலாம். படிப்பில் பின்தங்கியவர்கள் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகள் பலர் அங்கே வணிகம் கற்றார்கள்.

உயர்கல்வியின் வேலை பார்சல் கட்டக் கற்றுத்தருவதா என்ற கண்டனம் அப்போதே எழுந்தது. அந்தக் கண்டனத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால், பக்கத்திலேயே சரக்கும், இணையத்தில் சந்தையும், வாசலில் கூரியரும் கிடைத்த அந்த ஊரில், தொழில் தொடங்குங்கள் என்று யாரும் மேடை போட்டுச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மாணவர்கள் தொடங்கிப் பெரிதான நிறுவனங்கள் எவை?

இரண்டைச் சொல்லலாம். ட்ரோன் தயாரிக்கும் டிஜேஐ நிறுவனத்தை நிறுவிய வாங் தாவ், ஹாங்காங் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டுத் திட்டப்பணியாகச் சிறிய ஹெலிகாப்டரின் பறத்தலைக் கட்டுப்படுத்தும் கருவியைச் செய்தவர். பேராசிரியர் லி சேஷியாங் அவரை முதுகலை மாணவராகச் சேர்த்துக்கொண்டார். பின்னர் நிறுவனத்தில் முதலீடும் செய்தார். 2006-இல் எல்லையைத் தாண்டி ஷென்சென் நகரில் டிஜேஐ தொடங்கப்பட்டது. மோட்டார், மின்கலம், சுற்றுப்பலகை எல்லாம் ஒரே நகரில் சில மணி நேரத்தில் கிடைத்ததுதான் அந்த இடத்தின் பலம். அதே பேராசிரியர் 2014-இல் தோங்குவான் நகரின் சோங்ஷான் ஏரிக்கரையில் மாணவர்களுக்கான ரோபோ தொழில்தளம் ஒன்றை மற்றவர்களோடு சேர்ந்து தொடங்கினார். தரை துடைக்கும் ரோபோ செய்யும் நார்வால் நிறுவனம் அங்கே வளர்ந்ததுதான். அதன் முதற்பொருள் சந்தைக்கு வர ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் பிடித்தன. ஓராண்டுக்குள் முடிவு கேட்கும் போட்டி எதுவும் அந்த மூன்று ஆண்டுகளைப் பொறுத்திருக்காது.

மற்றொன்று, ஷாங்காய் ஜியாவோ தோங் பல்கலைக்கழக மாணவர்கள் 2008-ஐ ஒட்டித் தொடங்கிய உணவு விநியோக நிறுவனமான ‘எலமா’. பெயரின் பொருள் ‘பசிக்கிறதா?’ என்பதே. இரவில் விடுதியில் பசித்து, எந்தக் கடையும் உணவு கொண்டுவந்து தராததால் பிறந்த யோசனை அது. தொடக்கத்தில் அதன் நிறுவனர் சாங் ஷூஹாவும் நண்பர்களும் வளாகத்தைச் சுற்றியுள்ள கடைகளிலிருந்து தாங்களே உணவை எடுத்துச் சென்று கொடுத்தார்கள். 2018-இல் 950 கோடி டாலர் மதிப்பீட்டில் அலிபாபா அதை முழுமையாக வாங்கியது.

தோல்வியடைந்த முயற்சிகளிலிருந்து என்ன தெரிகிறது?

பீகிங் பல்கலைக்கழகத்தில் பிறந்த ‘ஓஃபோ’ மிதிவண்டிப் பகிர்வு நிறுவனத்தைப் பார்ப்போம். 2015-இல் அதன் நிறுவனர் தாய் வெய்யும் நண்பர்களும் வளாக மாணவர்களிடம் ஓர் எளிய பேரம் முன்வைத்தார்கள்: உங்கள் மிதிவண்டியை எங்களிடம் கொடுங்கள், அதற்குப் பதிலாக வளாகத்தில் உள்ள எல்லா மிதிவண்டிகளையும் ஓட்டிக்கொள்ளுங்கள். அழகான யோசனை. வளாகத்துக்குள் அது வேலை செய்தது. பிறகு முதலீட்டாளர் பணம் கொட்டியது. மஞ்சள் மிதிவண்டிகள் நகரம் நகரமாக நிரம்பின. போட்டி நிறுவனங்களோடு யார் அதிக வண்டிகளைத் தெருவில் இறக்குவது என்ற பந்தயம் நடந்தது. பயன்படுத்துவோர் 99 யுவான், பின்னர் 199 யுவான் முன்வைப்புத்தொகை கட்டினார்கள்.

2018 டிசம்பரில் பணம் தீர்ந்தது. பெய்ஜிங்கின் சோங்குவான்சுன் பகுதியில் இருந்த நிறுவன அலுவலகத்தின் கீழே, முன்வைப்புத்தொகையைத் திரும்பக் கேட்டு வந்தவர்கள் கடுங்குளிரில் மணிக்கணக்கில் வரிசையில் நின்றார்கள். செயலியில் பணம் கேட்டுப் பதிவு செய்தோரின் வரிசை ஒரு கோடியைத் தாண்டியது. மாணவர்கள் பணத்தாசை பிடித்து ஏமாற்றினார்கள் என்று சொல்வது எளிது. வளாகத்துக்குள் சரியாக நடந்த ஒரு சிறு தொழிலை இரண்டே ஆண்டில் உலக நிறுவனமாக்கத் துடித்த முதலீட்டுப் பணத்துக்கும், மாணவர் வெற்றிக்கதை ஒன்று தேவைப்பட்ட அந்தக் காலத்தின் ஆரவாரத்துக்கும் இதில் சமபங்கு உண்டு என்பதே என் கருத்து.

தோற்ற மாணவர் மீண்டும் எழ முடியுமா?

இதுதான் மிகக் கடினமான கேள்வி. நீதிமன்றத் தீர்ப்புப்படி கடனைச் செலுத்தாதவர்கள்மீது சீனாவில் ‘உயர்செலவுத் தடை’ விதிக்கப்படும். விமானத்திலும் அதிவேக இரயிலிலும் பயணம் செய்ய முடியாது, உயர்தர விடுதிகளில் தங்க முடியாது. தாய் வெய் மீதும் 2018-இல் அந்தத் தடை விதிக்கப்பட்டது. நாடு முழுமைக்குமான தனிநபர் திவால் சட்டம் சீனாவில் இல்லை. நிறுவனம் வீழ்ந்தாலும், அதற்குத் தனிப்பட்ட முறையில் பொறுப்பேற்றுக் கையெழுத்திட்ட இளைஞர் ஆயுள் முழுவதும் அந்தக் கடனைச் சுமக்க நேரிடும்.

ஷென்சென் நகரம் 2021 மார்ச் 1 முதல் தனக்கெனத் தனிநபர் திவால் விதிகளை நடைமுறைப்படுத்தியது. அவ்வாண்டு ஜூலையில் அதன்கீழ் தீர்ப்பான முதல் வழக்கு, தொழில் தொடங்கி நொடித்துப்போன ஒருவருடையது. ஒரு நகரத்தின் விதி மற்ற ஊர்களுக்குப் பொருந்தாது. இருப்பினும் நூறு போட்டி மேடைகளைவிட இந்த விதி தொழில்முனைவுக்குச் செய்யும் உதவி பெரிது.

பெற்றோர் இதை எப்படிப் பார்க்கிறார்கள்?

‘கால் காசு உத்தியோகமானாலும் கவர்மெண்ட் உத்தியோகம்’ என்று நம் ஊரில் சொல்வதற்கு இணையாக அங்கே ‘இரும்புச் சோற்றுக் கிண்ணம்’ என்ற வழக்கு உண்டு. கீழே விழுந்தாலும் உடையாத அரசு வேலை என்பது பொருள். 1980-களிலும் 1990-களிலும் அந்தக் கிண்ணத்தை விட்டு வணிகத்தில் இறங்கியவர்களைக் ‘கடலில் குதித்தவர்கள்’ என்றார்கள். இன்று அலை திரும்பியிருக்கிறது. 2025-ஆம் ஆண்டுப் பணிக்கான மத்திய அரசு ஊழியர் தேர்வில் சுமார் 39,700 இடங்களுக்கு 34 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தகுதி பெற்று விண்ணப்பித்திருந்தார்கள். ஒரே பிள்ளை, இரு பெற்றோர், நான்கு தாத்தா பாட்டிகள் என்ற குடும்பத்தில், அந்த ஒருவர் தோற்பதை ஆறு பேரும் தாங்க வேண்டியிருக்கிறது. அவர்கள் அரசு வேலையை நாடுவதைக் கோழைத்தனம் என்று சொல்ல மனம் வரவில்லை.

நிறுவனத்தைப் பதிவு செய்வது எளிதா?

மிக எளிது. ஒருகாலத்தில் வரையறுக்கப்பட்ட நிறுவனத்துக்குக் குறைந்தது 30,000 யுவான் மூலதனம் வேண்டும். 2014 மார்ச் 1 முதல் அந்த வரம்பு நீக்கப்பட்டது. மூலதனத்தை உடனே செலுத்த வேண்டியதில்லை, வாக்குறுதி அளித்தால் போதும் என்றானதும், பார்ப்பதற்குப் பெரிதாகத் தெரியட்டும் என்று மாணவர்கள்கூட 10 இலட்சம், 50 இலட்சம் என்று எழுதிவைத்தார்கள். 2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த புதிய நிறுவனச் சட்டம், வாக்களித்த மூலதனத்தை ஐந்து ஆண்டுகளுக்குள் செலுத்த வேண்டும் என்கிறது. இப்போது பதிவு செய்பவர்கள் தம்மால் உண்மையில் கட்டக்கூடிய தொகையை மட்டும் எழுத வேண்டும். போட்டிக்காகப் பதிவு செய்த நிறுவனம் பயன்பாட்டில் இல்லையென்றால் அதை முறைப்படி கலைத்துவிடுவது நல்லது.

சீனாவில் படிக்கும் வெளிநாட்டு மாணவர்கள் தொழில் தொடங்கலாமா?

மருத்துவம் படிக்கச் சென்றுள்ள தமிழ்நாட்டு மாணவர்கள் பலர் இதைக் கேட்கிறார்கள். மாணவர் வதிவிட அனுமதியில் இருப்பவர், அனுமதிக்கப்பட்ட பகுதிநேரப் பணியின் எல்லையை மீறி வேலை செய்தால், 2013 ஜூலையில் நடைமுறைக்கு வந்த குடிவரவுச் சட்டம் அதைச் சட்டவிரோத வேலையாகக் கருதும். விடுதி அறையிலிருந்து இணையத்தில் பொருள் விற்பதும் சிக்கலில் கொண்டுபோய் விடக்கூடும். பெய்ஜிங்கின் சோங்குவான்சுன் பகுதியில் 2016 முதல், பல்கலைக்கழகத்தின் பரிந்துரைக் கடிதத்தோடு விண்ணப்பித்து, அனுமதிச் சீட்டில் ‘தொழில்தொடக்கம்’ என்ற குறிப்பைப் பெறும் வழி திறக்கப்பட்டது. பின்னர் வேறு சில இடங்களுக்கும் இத்தகைய ஏற்பாடு விரிந்தது. எனவே முதலில் போக வேண்டிய இடம் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகம். அனுமதிச் சீட்டில் அந்தக் குறிப்பு ஏறும் வரை முன்பணம் வாங்குவதையோ கூட்டாளியாகக் கையெழுத்திடுவதையோ தவிர்க்க வேண்டும்.